பாதிச் சவரம் தண்ணீரில்: சேஃப்டி ரேசர் பழகும் முறை

சவரம் முடிந்ததும் கழுத்து எரிகிறது. மறுநாள் தாடைக்குக் கீழே சிறு சிறு கொப்புளங்கள் எழும்புகின்றன. உடனே பிளேடை மாற்றுகிறோம், கிரீமை மாற்றுகிறோம், விலை கூடிய ரேசர் வாங்குகிறோம். எரிச்சல் மட்டும் போவதில்லை. பெரும்பாலும் அந்த எரிச்சல், பிளேடு முகத்தில் படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முடி ஊறியிருக்காது, நுரை நிற்காது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர்.

செஞ்சிக்கு அருகே அனந்தபுரம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாறை நிலத்தில் ஆழமாகத் தோண்டி எடுக்கும் போர் தண்ணீரில் பல இடங்களில் சோப்பு சரியாகக் கரைவதே இல்லை. எனவே இந்த அத்தியாயம் பிளேடிலிருந்து தொடங்கினாலும் தண்ணீரில்தான் அதிக நேரம் நிற்கும்.

நாவிதர் செய்த வேலை

சலூன்கள் பெருகும் முன், நாவிதர் வீட்டுத் திண்ணையிலோ மர நிழலிலோ உட்கார வைத்துச் சவரம் செய்தார். பல நேரம் சோப்பு கூட இருக்காது. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும். அதைத் தொட்டுத் தொட்டு, விரல் நுனிகளால் தாடியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். முடி நன்றாக ஊறிய பிறகுதான் தீட்டிய கத்தி வெளியே வரும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை அழுத்தாமல் சாய்த்து ஓட்டுவார். முடிந்ததும் படிகாரக்கல்.

ஊற வைத்தல், தோலை இழுத்துப் பிடித்தல், கோணம், அழுத்தாத கை, படிகாரம். சேஃப்டி ரேசர் பழக வேண்டிய பாடம் முழுவதும் இந்த ஐந்துக்குள் இருக்கிறது. பல தலைமுறைக் கைத்தொழில் அறிவு அது. அதை மதித்துக் கற்றுக்கொள்பவருக்கு எரிச்சல் குறையும்.

கருவி

கழற்றி மாட்டும் மெல்லிய பிளேடை விற்கலாம் என்ற யோசனையை அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் வணிகமாக்கினார். 1903இல் விற்பனை தொடங்கிய முதல் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு ரேசர் வழங்கப்பட்ட பிறகு, தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கம் உலகெங்கும் பரவியது. இன்று நம் ஊர்க் கடைகளில் செவன் ஓ'கிளாக், டோபாஸ், வில்கின்சன் ஸ்வார்ட் என்று தொங்கும் இருபக்கப் பிளேடுகள் எல்லாம் அதே வடிவம்தான். சுமார் 0.1 மி.மீ. தடிமன் கொண்ட எஃகுத் தகடு. எந்த நிறுவனத்துப் பிளேடும் எந்த இருபக்க ரேசரிலும் பொருந்தும்.

இந்தப் பிளேடு மாட்டும் சேஃப்டி ரேசரில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழற்றுவது ஒன்று. கைப்பிடி அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறப்பது மற்றொன்று. பழகுபவர்களுக்கு முதல் வகையே நல்லது. கழுவுவது எளிது, கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. அடித்தட்டின் விளிம்பு சீப்புப் பல்லாக இல்லாமல் நேராக இருக்கட்டும். பிளாஸ்டிக் கைப்பிடியை விட, கையில் எடை தெரியும் உலோகக் கைப்பிடி வாங்குங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

பிளேடைக் குறுகிய இரு முனைகளில் மட்டும் பிடியுங்கள். மூடியில் பிளேடை வைத்து, அடித்தட்டை அதன்மேல் பொருத்தி, கைப்பிடியை முறுக்குங்கள். பிறகு ரேசரை முனைப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் தளர்த்தி மீண்டும் முறுக்குங்கள். கோணலாக மாட்டிய பிளேடு ஒரு கன்னத்தை வழிக்கும், மறு கன்னத்தைக் கீறும்.

தண்ணீர்

காய்ந்த தாடி முடி மிகக் கடினமானது. முடியின் பொருளான கெரட்டின் தண்ணீரை உறிஞ்சி உப்பி மென்மையாகும். அப்போது அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. அதற்கு 2 முதல் 3 நிமிடம் வேண்டும். முகத்தில் தண்ணீர் அடித்தவுடன் ரேசரை எடுப்பவர், காய்ந்த முடியைத்தான் வெட்டுகிறார். குளித்து முடித்த உடனே சவரம் செய்வது மிகச் சிறந்தது. இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்து எடுங்கள். சாதாரண நீரானால் இன்னும் கொஞ்ச நேரம், நாவிதர் செய்தது போல விரலால் தேய்த்துக்கொண்டே இருங்கள். முடியில் படிந்த எண்ணெய் விலகினால்தான் தண்ணீர் உள்ளே போகும். ஆகவே முதலில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

அடுத்தது நுரை. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. சோப்பு நுரையாவதற்குப் பதில் திரிந்து போகிறது. அந்தக் கசடு தோலிலும் பிளேடிலும் ஒட்டிக்கொள்கிறது. பிளேடு வழுக்கிச் செல்ல வேண்டிய இடத்தில் உரசிச் செல்கிறது.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்கள் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், மற்றொன்றில் கேன் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சாதாரணக் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஷாம்பூ வேண்டாம். கடின நீரிலும் அது நுரைக்கும் என்பதால் வித்தியாசம் தெரியாது. போர் தண்ணீர் பால் நிறமாகக் கலங்கி, நுரை சீக்கிரம் அடங்கினால் அது கடின நீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதும் அதே அறிகுறிதான்.

கடின நீர் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். சவரத்துக்குத் தேவை ஒரு டம்ளர் நல்ல நீர்தான். பிரஷை நனைக்கவும் நுரை எழுப்பவும் மட்டும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்துங்கள். ரேசரை அலசப் போர் தண்ணீர் போதும். கொதிக்க வைத்து ஆறவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுத்தால் கடினத்தில் ஒரு பகுதி நீங்கும். முழுவதும் நீங்காது. மழைநீர் எல்லாவற்றையும் விட நல்லது. அது மென்னீர். செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் மலைமேல் சுனைகளையும் அடிவாரத்தில் குளங்களையும் நம்பித்தான் நீண்ட முற்றுகைகளைத் தாங்கினார்கள். நாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியிலிருந்து ஒரு குடம் பிடித்து மூடி வைத்தால் போதும், வெகுநாள் சவரத்துக்கு வரும்.

முடியின் போக்கு

2 நாள் சவரம் செய்யாமல் இருங்கள். பிறகு விரலால் முகத்தை எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழவழப்பாக இருக்கிறதோ அதுதான் முடி படியும் திசை. கன்னத்தில் அது பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே முடி பக்கவாட்டிலோ கீழிருந்து மேலாகவோ வளரலாம். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இருக்காது. ஒரு தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி அருகே ஒட்டிவையுங்கள். கழுத்து எரிகிறது என்பவர்களில் பலர், தெரியாமலே முடிக்கு எதிராக மழிக்கிறவர்கள்.

நுரை

டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோம் வேகமானது, ஆனால் அதில் காற்று அதிகம், ஈரம் குறைவு. பழகும் காலத்தில் பிரஷும் கிரீமும், அல்லது பிரஷும் சவரச் சோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு மயிர் வேண்டாம் என்பவர்களுக்கு நைலான் பிரஷ் நன்றாகவே வேலை செய்கிறது, சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது.

பிரஷை நனைத்து, ஓரளவு உதறிவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவு கிரீம் வையுங்கள். கிண்ணத்திலோ நேராக முகத்திலோ சுழற்றுங்கள். சில துளி நீர், மீண்டும் சுழற்று, மீண்டும் சில துளி. முதலில் பெரிய குமிழ்கள் வரும். பொறுமையாகச் சுழற்றினால் குமிழ்கள் மறைந்து, கடைந்த தயிர் போலப் பளபளப்பாக நுரை நிற்கும். அதுவே பதம். வெள்ளையாகப் பொங்கிக் காய்ந்து நிற்கும் நுரை பார்க்க அழகு, பிளேடுக்கு உதவாது. தாடி முடி படியும் திசைக்கு எதிராகவும் பிரஷை ஓட்டுங்கள். முடி நிமிர்ந்து நிற்கும், அடிவரை ஈரம் போகும்.

மழிக்கும் முறை

முதலில் கோணம். ரேசரின் மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியைத் தரைக்கு இணையாக நீட்டிப் பிடியுங்கள். இப்போது பிளேடு தோலைத் தொடாது. கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே ரேசரைச் சிறிது நகர்த்துங்கள். ஓரிடத்தில் முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே சுமார் 30 பாகை. மணிக்கட்டை மடக்காமல் கையை நகர்த்தினால் இந்தக் கோணம் மாறாது.

அடுத்தது அழுத்தம். கார்ட்ரிட்ஜ் ரேசரின் தலை அசையும். நாம் அழுத்தினாலும் அது வளைந்து கொடுக்கும். அந்தப் பழக்கத்தோடு சேஃப்டி ரேசருக்கு வருகிறவர்கள் முதல் நாளே கீறிக்கொள்கிறார்கள். அழுத்தும்போது பிளேடுக்கும் அடித்தட்டு விளிம்புக்கும் நடுவே தோல் பிதுங்குகிறது. பிதுங்கிய தோலைப் பிளேடு சீவுகிறது. எரிச்சல் என்பது பெரும்பாலும் இப்படிச் சீவப்பட்ட மேல்தோல்தான். கனமான ரேசர் வாங்கச் சொன்னதன் காரணம் இதுவே. ரேசரின் எடையே போதும். உங்கள் கை வழிகாட்டினால் போதும், அழுத்த வேண்டாம்.

இழுப்பு 2 முதல் 3 செ.மீ. இருக்கட்டும். மறு கையால் தோலைத் தட்டையாக்கிப் பிடியுங்கள். சில இழுப்புகளுக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்புங்கள், இரு பக்கமும் நிரம்பியதும் அலசுங்கள். ரேசரைப் பக்கவாட்டில் மட்டும் ஒருபோதும் நகர்த்தக் கூடாது. ஆழமான வெட்டுகள் அப்படித்தான் வருகின்றன.

கன்னத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு கழுத்து. முகவாயும் மேலுதடும் கடைசி. அங்கே முடி தடிமன், கூடுதல் நேரம் நுரையில் ஊறட்டும். தாடை எலும்பின் மேல் நேராக மழிக்காமல், தோலைக் கன்னப் பக்கம் இழுத்துத் தட்டையான இடத்தில் மழியுங்கள். குரல்வளை மேட்டில் தோலை ஒரு பக்கமாக இழுத்து மழியுங்கள். மேலுதட்டுக்கு, உதட்டைப் பல்லோடு இழுத்துப் பிடியுங்கள்.

முதல் சுற்று முடி படியும் திசையில். முகத்தைக் கழுவி மறுபடி நுரை பூசி, இரண்டாம் சுற்று குறுக்காக. நுரை இல்லாத இடத்தில் பிளேடு போகவே கூடாது. முடிக்கு எதிரான மூன்றாம் சுற்று உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள். அதன் வழவழப்பு ஒரு நாள் இருக்கும். சுருள் முடி உள்ளவர்களுக்கு அது உள்முடிக்கு வழி. தோலுக்கு அடியில் வெட்டுப்பட்ட முடி வளைந்து தோலையே குத்தும். வேலைக்குப் போகும் முகத்துக்கு இரண்டு சுற்று தாராளம்.

முதல் வாரம் கன்னங்களை மட்டும் சேஃப்டி ரேசரால் செய்து, மற்ற இடங்களுக்குப் பழைய ரேசரையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் கழுத்து, ஒரு சுற்று மட்டும். மூன்றாம் வாரம் முகவாயும் மேலுதடும். நான்காம் வாரத்தில் குறுக்குச் சுற்று. அவசரமாகப் பஸ் பிடிக்க வேண்டிய காலையில் பழக வேண்டாம்.

முடிந்த பிறகு

குளிர்ந்த நீரால் கழுவுங்கள். ஈர முகத்தில் படிகாரக்கல்லை லேசாகத் தடவி, ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். படிகாரம் தோலை இறுக்கும், சிறு கீறலில் இரத்தத்தை நிறுத்தும். அது ஆசிரியரும் கூட. எங்கே சுள்ளென்று எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது எதிர்த்திசையில் போயிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த இடத்தில் கவனம் வையுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மணமில்லாத மாய்ச்சரைசர் கொஞ்சம் தடவுங்கள். சோற்றுக்கற்றாழை தடவுபவர்கள் மடல் வெட்டில் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் கழுவிவிட வேண்டும். அது சிலருக்கு அரிப்பைத் தரும். கிருமிநாசினித் திரவங்களை நேராக முகத்தில் ஊற்ற வேண்டாம்.

பிளேடைத் துணியில் துடைக்காதீர்கள். விளிம்பின் மெல்லிய பூச்சு போய்விடும். அலசி, உதறி, காற்றில் காய விடுங்கள். 3 முதல் 5 சவரத்துக்கு ஒரு பிளேடு. முடியை இழுப்பது போலத் தோன்றினால் எண்ணிக்கை பார்க்காமல் மாற்றுங்கள். ஒரு பிளேடு சில ரூபாய்தான்.

அப்பாவும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே ரேசரைப் பயன்படுத்தும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஹெபடைடிஸ் பி, சி போன்ற நோய்கள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியால் பரவக் கூடியவை. படிகாரக்கல்லும் ஆளுக்கு ஒன்று. சலூனில் புதுப் பிளேடு போடச் சொல்வது போல, எல்லோருக்கும் தேய்த்த கல்லை வேண்டாம் என்றும் சொல்லலாம், அதில் தவறில்லை.

வெயிலும் நாளும்

சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் மழித்த கழுத்தில் வியர்வையின் உப்பு இறங்கும். அதன்மேல் ஹெல்மெட் வார் உரசும். செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ தினம் பைக்கில் போகிறவர்கள் இரவில் சவரம் செய்யுங்கள். தூங்கும் நேரத்தில் தோல் தேறிவிடும். வாரை வாரம் ஒருமுறை துவைத்துவிடுங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் சவரம் கூடாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். நம் பக்கம் சலூன்களுக்கும் செவ்வாய் விடுமுறை. நம்பிக்கை எதுவானாலும், வாரத்தில் 2 நாள் தோலுக்கு ஓய்வு கிடைப்பது நல்லது. எரிச்சல் உள்ளவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

சபரிமலைக்கு மாலை போட்டு, விரதம் முடித்து வந்தவர்கள் நீண்ட தாடியில் நேராக ரேசரை வைக்காதீர்கள். கத்தரியாலோ டிரிம்மராலோ ஒட்ட வெட்டிவிட்டுப் பிறகு ஊற வையுங்கள்.

எப்போது மருத்துவர்

பரவலான சிவப்பும் எரிச்சலும் ஓரிரு நாளில் தானே அடங்கும். அதுவரை சவரம் வேண்டாம். உள்முடியை ஊசியால் கிளறாதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சீழ் வைத்த கொப்புளங்கள் பரவினாலோ, வட்டமாகச் செதிலும் அரிப்பும் வந்தாலோ அது படர்தாமரை போன்ற தொற்றாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, படர்தாமரையை அடக்குவது போலக் காட்டி ஆழமாக்கிவிடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் தோல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வெட்டுப்பட்டால் தழும்பு தடித்து வளரும் தோல் உடையவர்கள், மருத்துவரிடம் கேட்ட பிறகே சேஃப்டி ரேசருக்கு மாறுங்கள்.

பழைய பிளேடு

பயன்படுத்திய பிளேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாலும், குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையைத்தான் அது கடைசியில் வெட்டும். காலி பவுடர் டப்பாவோ தகர டப்பாவோ எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு வெட்டி, மூடியை இறுக ஒட்டிவிடுங்கள். பல வருடப் பிளேடுகள் அதில் அடங்கும். நிறைந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிதாக எழுதி, பணியாளரிடம் சொல்லி நேரில் கையில் கொடுங்கள். முதல் பிளேடை ரேசரில் மாட்டும் முன்பே இந்த டப்பாவைத் தயார் செய்துவிடுங்கள்.